இல்லாத பிரேக்கை மிதிக்கும் கால்

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மலையில் பழகிய ஓட்டுநர்கள் எந்த கியரில் ஏறினார்களோ அதே கியரில்தான் இறங்குவார்கள். வண்டியை என்ஜினே பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடேறாது. சமவெளியிலிருந்து வந்த ஒருவர் இதைத் தெரிந்துகொள்ளாமல், அல்லது தெரிந்தும் பொருட்படுத்தாமல், நியூட்ரலில் விட்டு வேகமாக இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவரின் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அங்கே பிரேக் கிடையாது. கை மேலே இருக்கும் பிடியைத் தேடும். மூச்சு வளைவுக்கு முன்னால் நின்று, வளைவு கடந்தபின் திரும்ப வரும். பின்னிருக்கையில் நடந்துகொண்டிருந்த பேச்சு எப்போதோ ஓய்ந்திருக்கும். இத்தனை நடந்தும் வண்டிக்குள் இருக்கும் ஐந்து பேரில் ஒருவர்கூட வாய் திறந்திருக்க மாட்டார்.

அப்படி அழுத்தும் காலைக் கேலி செய்வது நம் வழக்கம். பயந்தாங்கொள்ளி என்பார்கள். வண்டியில் ஏறினால் கண்ணை மூடிக்கொண்டு தூங்க வேண்டும் என்று அறிவுரையும் கிடைக்கும். ஓட்டத் தெரியாதவர் ஓட்டுவதைப் பற்றிப் பேசக் கூடாது என்பது எங்கும் எழுதப்படாத, எல்லோரும் மதிக்கும் விதி. ஆனால் வண்டிக்குள் இருப்பவர்களில் சாலையைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லாதவர் பயணி மட்டுமே. எதிரே வரும் லாரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, முந்தப்போகும் பேருந்து எவ்வளவு நீளம், இடையில் இருக்கும் இடம் போதுமா என்று அவர் உடல் ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கணக்கை நடுக்கம் என்று ஒதுக்குவதால்தான் அதில் இருக்கும் அறிவு யாருக்கும் பயன்படாமல் போகிறது.

கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார், உலர்ந்த நல்ல சாலையில், ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கில் கால்வைக்க ஒரு நொடி ஆகுமென்றால், ஏறக்குறைய 37 மீட்டரில் நிற்கும். 100 கிலோமீட்டரில் போகும் அதே கார் நிற்க 80 மீட்டருக்கு மேல் வேண்டும். இந்த இரண்டு கார்களுக்கு முன்னாலும் ஒரே இடத்தில் ஒரு மாடு குறுக்கே வந்தால், முதல் கார் நின்றுவிட்ட புள்ளியை இரண்டாவது கார் தாண்டும்போது அதன் வேகம் இன்னும் 90ஐ ஒட்டி இருக்கும். வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்று பள்ளியிலேயே படிக்கிறோம். ஒரு சாலையின் சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான ஆபத்து 4 சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் 2022ஆம் ஆண்டு சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் பத்துக்கு ஏழு பேருடைய சாவுக்கு அதிவேகத்தையே காரணமாகக் குறிக்கிறது மத்திய அரசின் அறிக்கை. அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105. பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு இந்த எண்கள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவை சொல்வதை அவருடைய கால் அறிந்திருக்கிறது.

பிறகு ஏன் ஓட்டுபவருக்கு மட்டும் அந்த நடுக்கம் வருவதில்லை? மலைப்பாதையில் வாந்தி எடுப்பவர் யார், எடுக்காதவர் யார் என்று பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். ஒரே வண்டி, ஒரே வளைவு, ஒரே குலுக்கல். பயணிக்குக் குமட்டுகிறது, ஓட்டுநருக்குப் பெரும்பாலும் குமட்டுவதில்லை. ரோல்னிக், லுபோ என்ற இரு ஆய்வாளர்கள் 1991இல் இதைச் சோதித்தார்கள். ஒரே அசைவுக்கு இருவரை உட்படுத்தி, கட்டுப்பாட்டை ஒருவரிடம் மட்டும் கொடுத்தார்கள். கட்டுப்பாடு கையில் இருந்தவருக்குத் தொல்லை குறைவாக இருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பப்போகும் கைக்கு அடுத்து வருவது என்ன என்று முன்பே தெரியும். உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு உணரப்போகும் அந்த அசைவை மூளை எதிர்பார்த்துக் காத்திருக்கும். பயணியின் உடலுக்கு ஒவ்வொரு வளைவும் திடீரென்றே வருகிறது. ஓட்டுநரின் அமைதி சாலை பாதுகாப்பாக இருப்பதால் வருவதாகத் தோன்றினாலும், அதில் பெரும்பங்கு கையில் ஸ்டியரிங் இருப்பதால் வருவது.

இதை ஒட்டிய இன்னொரு கண்டுபிடிப்பு இன்னும் பழையது. சான்சி ஸ்டார் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1969இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில், தாமாக விரும்பி ஏற்கும் ஆபத்தை மனிதர்கள், தங்கள்மேல் சுமத்தப்படும் ஆபத்தைவிடச் சுமார் 1,000 மடங்குவரை பொறுத்துக்கொள்கிறார்கள் என்று கணக்கிட்டார். ஒரு காரின் முன்னிருக்கைகள் இரண்டையும் இந்த வரியோடு வைத்துப் பார்க்கலாம். வலது இருக்கையில் இருப்பவர் தன் விருப்பத்துக்கு ஏற்ற ஆபத்தை எடுக்கிறார். அதே ஆபத்து, அதே நொடியில், இடது இருக்கையில் இருப்பவர்மேல் சுமத்தப்படுகிறது. இருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமல் போவது இங்கேதான். போதாக்குறைக்கு, ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் தங்களைச் சராசரிக்கு மேல் என்று நினைக்கிறார்கள். ஓலா ஸ்வென்சன் என்ற உளவியலாளர் 1981இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்ற அமெரிக்கர்களில் 93 சதவீதம் பேர் தங்கள் ஓட்டும் திறமையைப் பாதிக்கு மேற்பட்டோரைவிட உயர்ந்தது என்று மதிப்பிட்டார்கள். அப்படி நம்பும் ஒருவரிடம் 'மெதுவாகப் போங்கள்' என்றால் அது வேகத்தைப் பற்றிய பேச்சாக அவர் காதில் விழாது. தன் திறமையைப் பற்றிய தீர்ப்பாகவே விழும்.

அதனால்தான் பேசுவது இவ்வளவு கடினமாக இருக்கிறது. நம் குடும்பங்களில் கூடுதல் கடினம். கல்யாணமாகிச் சில மாதங்களே ஆன மாப்பிள்ளை புதுக் கார் ஓட்டுகிறார். பின்னால் மாமனாரும் மாமியாரும். மாமனார் முப்பது ஆண்டுகள் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவராகவே இருக்கட்டும், மாப்பிள்ளையிடம் வேகத்தைக் குறைக்கச் சொல்ல அவருக்கு நா எழாது. மாமியார் மகளின் தோளைத் தட்டி, "அவர்கிட்ட கொஞ்சம் பாத்துப் போகச் சொல்லும்மா" என்று கிசுகிசுப்பார். மகள், "என்னங்க, அம்மாவுக்கு ஒருமாதிரி இருக்காம்" என்பாள். தலைசுற்றல் என்று சொன்னால் மரியாதைக்குப் பங்கம் வராது. பயம் என்று சொன்னால் வரும். ஒரு நியாயமான எச்சரிக்கை, நோய் என்ற வேஷம் போட்டுக்கொண்டுதான் முன்னிருக்கைக்குப் போக முடிகிறது. அலுவலகத்தில் மேலாளர் ஓட்டும் காரிலும் இதேதான். அப்பா ஓட்டும் ஸ்கூட்டரில் முன்னால் நிற்கும் குழந்தைக்கு இந்த வழிகூட இல்லை.

உபசாரமும் வாயைக் கட்டும். பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பர் காமு 1960 ஜனவரி தொடக்கத்தில் பாரிசுக்குத் திரும்ப ரயில் டிக்கெட் வாங்கியிருந்தார். மனைவியும் இரட்டைக் குழந்தைகளும் ரயிலில் போனார்கள். அவர் மட்டும் பதிப்பாளர் நண்பர் மிஷேல் கல்லிமாரின் காரில் கிளம்பினார். ஜனவரி 4 அன்று, வில்பிளவின் என்ற ஊருக்கு அருகே, நேரான சாலையில் கார் மரத்தில் மோதியது. முன்னிருக்கையில் இருந்த காமு அங்கேயே இறந்தார். வயது 46. மிஷேல் சில நாள் கழித்து இறந்தார். பயன்படுத்தாத ரயில் டிக்கெட் காமுவின் சட்டைப்பையில் இருந்தது. சேற்றில் கிடந்த பையில், முடிக்கப்படாத 'முதல் மனிதன்' நாவலின் கைப்பிரதி. அந்தப் பயணத்தில் யார் என்ன நினைத்தார்கள், யாராவது எதையாவது சொல்ல நினைத்தார்களா என்பதெல்லாம் நம் ஊகத்துக்கு அப்பாற்பட்டவை. ஆனால் 'ரயில் எதுக்கு, நம்ம வண்டியிலேயே போயிரலாம்' என்ற அழைப்பை மறுப்பது எவ்வளவு கடினம் என்று நமக்குத் தெரியும். இலவசமாக, அன்பாகக் கிடைத்த இருக்கையில் உட்கார்ந்தபின் அதை ஓட்டுபவரைத் திருத்துவது அதைவிடக் கடினம்.

கோயிலுக்குப் போகும் வேன்களில் நாம் ஒரு நல்ல வழக்கத்தை வைத்திருக்கிறோம். இரவு முழுக்க ஓட வேண்டிய பயணம் என்றால், குழுவில் விவரமான ஒருவர் முன்னால் உட்காருவார். அவர் வேலை டிரைவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவது. டிரைவர் கொட்டாவி விட்டால், "அண்ணே, அடுத்த டீக்கடையில நிறுத்துங்க" என்பார். யாருக்கும் இதில் அவமானம் இல்லை, டிரைவருக்கும் இல்லை. பின்னிரவு இரண்டிலிருந்து ஐந்துவரை உடலின் விழிப்பு மிகத் தாழ்ந்திருக்கும் என்று மருத்துவம் சொல்வதற்கு முன்பே இந்த ஏற்பாடு இருந்திருக்கிறது. தூக்கத்தைப் பற்றிப் பேசப் பயணிக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்ட சமூகம், வேகத்தைப் பற்றிப் பேச அதே உரிமையைத் தரத் தயங்குவது ஏன்? தூக்கம் டிரைவரையும் மீறி வருவது, அதில் அவர் குற்றம் இல்லை. வேகம் அவராகச் செய்வது, அதைச் சொன்னால் அவரைச் சொன்னதாகும். இந்த வேறுபாடுதான் நம் வாயை அடைக்கிறது.

டிரைவர் ஒருவரின் குணமாக மட்டும் வேகத்தைப் பார்ப்பதும் முழு உண்மை ஆகாது. தனியார் பேருந்துகள் அதிகம் ஓடும் கோவை, ஈரோடு, சேலம் பகுதிகளில் 'டைமிங்' என்ற ஒரு சொல் பேருந்து நிலையத்தையே கொதிக்கவைக்கும். முன்னால் போகும் வண்டி இரண்டு நிமிடம் தாமதித்துக் கிளம்பினால் பின்னால் வருபவருக்கு வழிநெடுக ஆள் கிடைக்காது. கலெக்‌ஷன் குறைந்தால் பேட்டா குறையும். டைம் கீப்பரின் நோட்டும் உரிமையாளரின் தொலைபேசியும் சேர்ந்து ஆக்சிலேட்டரை அழுத்துகின்றன. இதற்கு எதிரான சட்டம் நம்மிடம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 183ஆம் பிரிவு, வேக வரம்பை மீறாமல் முடிக்கவே முடியாத நேரத்துக்குள் ஒரு பயணத்தை முடிக்கும்படி கால அட்டவணை போட்டாலோ உத்தரவிட்டாலோ, அப்படிச் செய்தவரே குற்றம் செய்தார் என்பதற்கு அதையே முதல்நிலைச் சான்றாகக் கொள்ளலாம் என்கிறது. விபத்துக்குப் பிறகு டிரைவரைத் தேடும் கண்கள் அந்த அட்டவணையைத் தேடுவது அபூர்வம்.

இலங்கையிலும் தனியார் பேருந்துகள் ஆளுக்காக ஒன்றையொன்று துரத்துவது அன்றாடக் காட்சி. 2005 ஏப்ரல் 27 அன்று பொல்காவெலைக்கு அருகே யாங்கல்மோதரவில் ஒரு பேருந்து மூடியிருந்த ரயில் கடவையைத் தாண்டப் பார்த்தது. இன்னொரு பேருந்தோடு போட்டியிட்டு ஓடிக்கொண்டிருந்ததாக அன்றைய செய்திகள் சொல்லின. ரயில் மோதி முப்பதுக்கும் மேற்பட்ட பயணிகள் இறந்தார்கள். டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவருக்கும் அந்தப் போட்டியில் பங்கு இல்லை.

இந்த இடத்தில் கென்யாவைப் பார்க்க வேண்டும். அங்கே மக்கள் அதிகம் நம்பியிருப்பது மத்தாத்து எனப்படும் வேன்களை. பெரும்பாலானவை 14 பேர் உட்காரும் வண்டிகள். வண்ணம் அடித்து, பாட்டு அலற, நைரோபியின் தெருக்களில் ஒன்றையொன்று மறித்து ஓடும். நாள் முடிவில் உரிமையாளருக்குக் குறித்த தொகையைக் கட்டியாக வேண்டும். மிஞ்சியதே ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் கூலி. ஆகவே ஒவ்வொரு கூடுதல் நடையும் கூடுதல் பணம். 2004இல் போக்குவரத்து அமைச்சர் ஜான் மிச்சூக்கி வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் எல்லா இருக்கைக்கும் பெல்ட்டையும் கட்டாயமாக்கினார். சில காலம் சாலைகள் ஒழுங்காயின. பிறகு கருவிகளில் கைவைக்கப்பட்டது, கெடுபிடி தளர்ந்தது, பழைய வேகம் திரும்பியது.

ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஹப்யாரிமானா, பில்லி ஜாக் என்ற இரு பொருளியலாளர்கள் வேறு ஒரு கேள்வி கேட்டார்கள். போலீஸ்காரர் ஒவ்வொரு வண்டியிலும் இருக்க முடியாது. ஆனால் ஆபத்து நடக்கும் நொடியில், ஆபத்து நடக்கும் இடத்தில், அதனால் உயிர் இழக்கக்கூடிய பத்துப் பதினான்கு பேர் எப்போதும் இருக்கிறார்கள். அவர்களைப் பேசவைத்தால் என்ன? 2,000க்கும் மேற்பட்ட மத்தாத்துகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதியைத் தேர்ந்து, உள்ளே பயணிகளின் கண்ணில் படும்படி ஸ்டிக்கர் ஒட்டினார்கள். கண்டபடி ஓட்டினால் சும்மா உட்கார்ந்திருக்காதீர்கள், வாய் திறந்து சொல்லுங்கள் என்பதே அவற்றின் சாரம். சிலவற்றில் எழுத்து மட்டும், சிலவற்றில் விபத்தின் கோரப் படமும். ஓட்டுநர்கள் கிழித்துவிடாமல் இருக்க வாராந்தரக் குலுக்கல் பரிசு வைத்தார்கள். ஸ்டிக்கர் அப்படியே இருந்தால் பரிசு வெல்லலாம்.

முடிவை அளக்க அவர்கள் யாருடைய அபிப்பிராயத்தையும் நம்பவில்லை. காப்பீட்டு நிறுவனங்களுக்கு வந்த இழப்பீட்டுக் கோரிக்கைகளை எண்ணினார்கள். ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிகளில் கோரிக்கைகள் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை குறைந்திருந்தன. ஓட்டுநர்களிடம் விசாரித்ததில், பயணிகள் சத்தம் போட்டதும் காரணம் என்று தெரிந்தது. பின்னர் 10,000க்கும் மேற்பட்ட வண்டிகளில், 'ஸூஷா' என்ற இயக்கமாக, மறுபடி செய்து பார்த்தார்கள். இம்முறை குறைவு நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை. முதல் சோதனையைவிடச் சிறிய விளைவுதான். ஆனாலும் ஒரு துண்டுக் காகிதத்தின் விலையில் சாலைப் பாதுகாப்பில் இவ்வளவு கிடைப்பது அரிது. இந்த இரண்டாவது சோதனையின் முடிவு 2015இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியானது.

அந்தக் காகிதத்தில் எந்தப் புதிய தகவலும் இல்லை. ஓட்டுநர் ஆபத்தாக ஓட்டுகிறார் என்பது பயணிகளுக்கு முன்பே தெரியும். பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியும் என்பதுதான் தெரியாது. எல்லோரும் முகத்தை அமைதியாக வைத்திருப்பதால், பயப்படுவது தான் ஒருவர் மட்டுமே என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள். எல்லோர் கண்ணிலும் படும் ஒரு வாசகம் அந்தத் தனிமையை உடைக்கிறது. முதலில் பேசுபவர் இப்போது அதிகப்பிரசங்கி இல்லை. வண்டியிலேயே எழுதியிருப்பதைத்தான் அவர் சொல்கிறார். ஒருவர் தொடங்கினால் நாலு பேர் சேர்ந்துகொள்வார்கள். நம் டவுன் பஸ்ஸிலும், "டிரைவர், பாத்துப் போப்பா, குழந்தை குட்டி இருக்கு" என்று ஒரு கிழவி சத்தம் போட்ட பிறகே மற்றவர்களுக்கு வாய் வரும். அவர் அந்தத் துணிவைத் தன் வயதிலிருந்து எடுக்கிறார். கென்யாவின் ஸ்டிக்கர் அதே துணிவை எல்லா வயதினருக்கும் கொடுத்தது.

பயணியின் குரல் எதிர்த்திசையிலும் வேலை செய்யும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2000ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு, 16, 17 வயது ஓட்டுநர்கள் சாலையில் இறக்கும் ஆபத்து, உடன் ஏறும் பயணிகளின் எண்ணிக்கையோடு கூடுவதைக் காட்டியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சனிக்கிழமை இரவு போகும் கார்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 'இன்னும் அழுத்து மச்சான்' என்ற ஒரு குரல் வேக முள்ளை மேலே தள்ளும். அந்தக் காரின் பின்னிருக்கையில் பயந்துபோய்ச் சிரித்துக்கொண்டு ஒருவன் இருப்பான். அவன் சிரிப்பையும் ஓட்டுபவன் ஊக்கமாகவே எடுத்துக்கொள்கிறான். வண்டிக்குள் இருக்கும் எவரும் வெறும் சுமை இல்லை. அவர்களுடைய மௌனத்துக்கும் ஓட்டுபவன் ஒரு பொருள் வைத்திருக்கிறான்.

ஜப்பான் இதைச் சட்டமாகவே எழுதியது. 2006 ஆகஸ்டில் ஃபுகுவோகா நகரில் குடித்துவிட்டு ஓட்டிய ஒருவரின் கார் மோதி, பாலத்திலிருந்து கடலில் விழுந்த காரில் மூன்று குழந்தைகள் இறந்தார்கள். நாடு கொந்தளித்தது. மறு ஆண்டு திருத்தப்பட்ட சாலைப் போக்குவரத்துச் சட்டம், குடித்திருப்பது தெரிந்தே தன்னை ஏற்றிச் செல்லக் கேட்டு ஏறுபவரையும் குற்றவாளி ஆக்கியது. ஓட்டுபவர் நிதானம் இழந்த போதையில் இருந்தால் உடன் வந்தவருக்கு 3 ஆண்டுவரை சிறை கிடைக்கலாம். மது ஊற்றிக் கொடுத்தவருக்கும் வண்டி கொடுத்தவருக்கும் தனித்தனித் தண்டனை. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 188ஆம் பிரிவும் ஆபத்தாக ஓட்டுவதற்கும் குடித்து ஓட்டுவதற்கும் உடந்தையாக இருப்பவருக்கு அதே தண்டனை என்கிறது. ஆனால் அந்தப் பிரிவு ஊர்ப்பேச்சில் இல்லை. கல்யாண வீட்டில் கடைசியாகக் கிளம்பும் காரில் ஏறும் நான்கு பேருக்கு, ஓட்டப்போகிறவர் எத்தனை குடித்தார் என்று தெரியும். ஏறிக்கொள்வதை நட்பு என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

ஆனால் 'பேசு' என்று எல்லோரிடமும் ஒரே குரலில் சொல்லிவிட முடியாது. இரவு பதினோரு மணிக்குத் தனியாக வாடகைக் காரில் போகும் பெண்ணுக்கு இரண்டு பயங்கள். வேகம் ஒன்று, வேகத்தைக் குறைக்கச் சொன்னால் கோபப்படக்கூடிய முன்பின் தெரியாத ஆண் மற்றொன்று. இரண்டில் எது பெரிது என்று அவள் ஒவ்வொரு சிக்னலிலும் நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்குப் போன் போட்டு, டிரைவர் காதில் விழும்படி இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே வருவது அந்த நிலையில் பெண்கள் தாமாகக் கண்டுபிடித்த வழி. குடித்த கணவனின் பைக்கில், புடவையோடு ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு போகிறவளுக்குப் பிடித்துக்கொள்ள இருப்பதும் அவன் தோள்தான், பயப்பட வேண்டியதும் அவனிடம்தான். 2022இல் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் நாடு முழுவதும் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் பின்னால் இருப்பவரும் ஹெல்மெட் அணிய வேண்டும் என்று உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் கட்டாயமாக்கப்பட்டது. இன்றும் ஒரு வீட்டில் ஒரு ஹெல்மெட்தான் இருக்கிறது, அது ஓட்டுபவருடையது.

யாரிடமும் பேச வேண்டாத ஒரு வேலை பயணியின் கையிலேயே இருக்கிறது. அது பெல்ட். 2022இல் பெல்ட் அணியாமல் இறந்த 16,715 பேரில் ஓட்டுநர்கள் 8,384, பயணிகள் 8,331. ஏறக்குறைய சரிபாதி. அந்த ஆண்டு செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நடந்த விபத்தில் டாடா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். பெல்ட் போடாமல் பின்னிருக்கையில் இருந்த அவரும் இன்னொருவரும் இறக்க, முன்னால் இருந்த இருவர் பிழைத்தார்கள். பின்னிருக்கைக்கும் பெல்ட் கட்டாயம் என்ற விதி முன்பே இருந்தது. மீறினால் 1,000 ரூபாய் அபராதமும் இருந்தது. ஆனாலும் நம் வாடகைக் கார்களில் பின்னிருக்கை பெல்ட்டின் கொக்கி சீட் உறைக்குள் புதைந்திருக்கும். அதைத் தோண்டி எடுக்கும் பயணியை டிரைவர் ஏற இறங்கப் பார்ப்பார். அந்தப் பார்வையைப் பொறுத்துக்கொண்டு எடுத்துத்தான் ஆக வேண்டும்.

பேச முடிந்தவர்கள் எப்படிப் பேசுவது? பலருடைய அனுபவம் ஒன்றைச் சொல்கிறது: பயம் உச்சத்துக்குப் போனபின் வரும் பேச்சு அலறலாக வருகிறது, அலறல் சண்டையாகிறது, சண்டையில் ஓட்டுபவரின் கவனம் சாலையிலிருந்து விலகுகிறது. கிளம்பும்போதே, வண்டி நின்றிருக்கும்போதே, "நமக்கு அவசரம் ஒன்னும் இல்லண்ணே, அரை மணி நேரம் லேட்டானாலும் பரவாயில்ல" என்று சொல்லிவிடுவது மேல். அதில் அவருடைய திறமையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பல வாடகை டிரைவர்கள் வேகமாகப் போவதே சவாரி அதைத்தான் எதிர்பார்க்கிறது என்ற எண்ணத்தில். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று நெருக்கும் பயணி முந்தைய சவாரியில் இருந்திருப்பார். பொறுப்பு உண்மையில் ஓட்டுபவருக்கே அதிகம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961, நாளுக்கு 8 மணி நேரம் என்று வரையறுத்திருந்த வேலையைப் பதினாறு மணி நேரம் செய்யவைக்கும் முதலாளிக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் 'வேகம் சரியா இருக்கா?' என்று ஏறியவரைக் கேட்கும் ஓட்டுநர் தன் மரியாதையில் எதையும் இழப்பதில்லை. அப்படிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய எண் பல வீடுகளில் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கிறது.

தமிழ்நாட்டின் அரசுப் பேருந்துகளில் ஓட்டுநருக்குப் பின்புறம் திருக்குறள் எழுதிய பலகை இருக்கிறது. புகை பிடிக்காதீர், படியில் பயணம் செய்யாதீர் என்ற வரிகளும் இருக்கின்றன. இந்த வரிகள் எல்லாமே பயணி என்ன செய்யக் கூடாது என்பதைப் பற்றியவை. அவற்றின் பக்கத்தில் பயணி செய்யக்கூடிய ஒன்றையும் எழுதலாம்: வண்டி ஆபத்தாக ஓடுகிறது என்று தோன்றினால் நடத்துநரிடம் உடனே சொல்லுங்கள், சொல்வது உங்கள் உரிமை. தனியார் பேருந்து, மினி பஸ், ஆம்னி பஸ், பள்ளி வேன் எல்லாவற்றிலும் எழுதலாம். வேலைக்கு வந்திருக்கும் வட மாநிலத் தொழிலாளர்கள் படிக்க இந்தியிலும் இருக்க வேண்டும். கென்யாவில் செய்ததுபோல அந்த வாசகத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கும் ஓட்டுநருக்குப் பரிசும், முறையீடு வராமல் ஆண்டை முடிப்பவருக்கு ஊக்கத்தொகையும் கொடுக்கலாம். புகார் வந்தால் ஓட்டுநரை விசாரிக்கும் முன் அந்த வழித்தடத்தின் கால அட்டவணையை வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு மாவட்டத்தில் ஓராண்டு செய்து, காப்பீட்டுக் கோரிக்கைகளை எண்ணிப் பார்க்க ஆகும் செலவு மிகக் குறைவு. எங்கிருந்தாவது தொடங்கத்தான் வேண்டும். டைமிங் தகராறு ஓயாத கோவைப் பேருந்து நிலையங்களிலிருந்து தொடங்கலாம்.